செம்மண்ணில் கறுப்புப் பொலித்தீன்

மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கி முடித்த தறையில், மண்ணை மூடி விரித்திருந்த கறுப்புப் பொலித்தீனை உரிக்கிற வேலையை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் சித்தப்பா முறையான ஒருவரின் தோட்டத்தில் போன வருடம் நானும் குனிந்து நின்றேன். வெயில் பட்ட நடுப்பகுதி கைபட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வரம்போரத்தில் மண் போட்டுப் புதைத்திருந்த விளிம்போ நேற்று விரித்தது போலப் புத்தம் புதிதாய் இருந்தது. இழுத்தால் வராது, இன்னும் கொஞ்சம் பலமாய் இழுத்தால் நொறுங்கின பக்கத்தில் கிழிந்து கையோடு வரும், விளிம்பு மண்ணுக்குள்ளேயே நிற்கும். போதாததற்குக் கோரை. கோரையின் முளை ஊசி மாதிரி. எந்தப் பொலித்தீனையும் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். அது குத்தின ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு கிழிசல் தொடங்கியிருந்தது. ஒரு பரப்பு நிலத்தை உரித்து முடிக்க இரண்டு பேருக்கு ஒரு காலைப்பொழுது போனது. தறை முழுவதும் விரல் நகமளவு, உள்ளங்கையளவு துண்டுகள் கிடந்தன. "மிச்சத்தை என்ன செய்யிறது சித்தப்பா?" என்று கேட்டேன். "லாண்ட்மாஸ்ரர் விட்டா உள்ளுக்க போயிடும் மோனை" என்றார்.

உள்ளுக்குத்தான் போகிறது. அடுத்த உழவில் லாண்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு இயந்திரத்தின் கத்தியில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் திரும்பி வருகிறது. முதல் மாரி மழை மேல்மண்ணைக் கழுவியதும் இன்னும் கொஞ்சம் வெளியில் தெரிகிறது.

இது உரும்பிராயின் பிரச்சினை மட்டுமல்ல. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2021 கடைசியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019இல் உலகத்தில் பயிர்ச்செய்கை, கால்நடை, மீன்பிடி, காடு ஆகிய துறைகள் பாவித்த பிளாஸ்ரிக் 1 கோடி 25 இலட்சம் தொன். பயிருக்கும் கால்நடைக்கும் மட்டும் 1 கோடி 2 இலட்சம் தொன். ஏறக்குறைய பாதி ஆசியாவில். பச்சை வீட்டு விரிப்பு, நிலத்தை மூடும் விரிப்பு, தீவனம் பொதியும் விரிப்பு ஆகிய மூன்றின் தேவையும் 2018இல் 61 இலட்சம் தொன்னாக இருந்தது, 2030இல் 95 இலட்சம் தொன்னாகும் என்கிறது அதே அறிக்கை. உலகம் செய்கிற மொத்தப் பிளாஸ்ரிக்கோடு வைத்துப் பார்த்தால் இது சிறு பங்குதான். ஆனால் கடைப்பை குப்பைமேட்டைச் சுற்றி எங்கேயோ போய் மண்ணைச் சேர்கிறது. தோட்டத்துப் பொலித்தீன் தொடங்குவதே மண்ணில்.

ஏன் விரிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விரிக்காதே என்று சொல்வது சரியில்லை. குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை விழுகிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் வருடம் முழுக்கக் குடிக்கவும் இறைக்கவும் செய்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். துலா போய் மிசின் வந்த பிறகு இறைப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். நிலத்தை மூடினால் ஆவியாகிற நீர் குறைகிறது, இரண்டு நாளுக்கொருமுறை இறைத்தவர் நாலு நாளுக்கொருமுறை இறைக்கலாம். மழை நேரே மண்ணில் விழாததால் உரமும் அவ்வளவு கழுவுப்படாது. கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிப்போன எங்கள் ஊருக்கு அது சின்ன விசயமில்லை. மேற்பக்கம் வெள்ளிநிறமான விரிப்பென்றால், அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் இலைச்சுருளலைக் கொண்டுவரும் வெள்ளை ஈ, பனிப்பூச்சி போன்றவை வந்து குந்துவதும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, புல்லுப் பிடுங்க ஆள் கிடைக்காது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். தோட்டத்தில் நிற்பவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரிடம் போய்ப் பொலித்தீனை விட்டுவிடுங்கள் என்றால், வந்து நீ புல்லுப் பிடுங்கு என்பார். நியாயம்தானே.

ஆகவே பிளாஸ்ரிக் வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கினால் பேச்சு முதல் அடியிலேயே நின்றுவிடும். எந்தப் பிளாஸ்ரிக், எவ்வளவு தடிப்பு, முழுசாய் திரும்பி வருமா என்று கேட்டால் ஏதாவது நகரும்.

ஒரு தோட்டத்தைப் படலையிலிருந்து கிணற்றடிவரை நடந்து பாருங்கள். வேலியில் பழைய மீன்வலை. கோழியும் மாடும் வராமல் கட்டினது, கரையோரத்தில் வேலை முடிந்து தூக்கிப் போட்ட வலை. படலையடியில் உரப்பை. நிலத்துக்குள் பீ.வீ.சி. குழாய், அது ஒருமுறை தாட்டால் பல வருடம். கன்றடியில் சொட்டுநீர்க் குழாய். அதற்குக் கீழே கறுப்பு விரிப்பு. கொட்டிலில் நாற்றுத் தட்டுகள், மிளகாய் காயவிடுகிற படங்கு. கிணற்றடிப் பற்றைக்குள் மருந்துப் போத்தல். எல்லாமே பிளாஸ்ரிக், ஆனால் தீங்கு ஒரே அளவில்லை. பீ.வீ.சி. குழாயைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். கவலைக்குரியவை இரண்டு: மெல்லியதாய், மண்ணோடு ஒட்டி, ஒரு போகத்தில் முடிந்துபோகிற விரிப்பு, உள்ளே நஞ்சோடு வருகிற போத்தல்.

உரப்பைக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யூரியா முடிந்தபின் அந்தப் பை இந்த மண்ணில் எத்தனை பிறவி எடுத்திருக்கிறது! வெங்காயம் கட்டினோம், தவிடு கட்டினோம், கிணற்றடிக்கு மறைப்புக் கட்டினோம், போர்க்காலத்தில் மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கினோம். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்த சனத்துக்கு மீள்பாவனை என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: வெயிலில் வருடக்கணக்காய்க் கிடந்த உரப்பை ஒரு நாள் தொட்டதும் நார்நாராய் உதிரும். அந்த நிலைக்கு முன்னரே எடுத்துவிட வேண்டும். பழைய மீன்வலைக்கும் இதே கதை.

இனி விரிப்புக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு.

16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். பாத்திகளை மட்டும் மூடுவதால் அதில் 150 சதுர மீற்றர் மூடப்படுகிறது என்று வையுங்கள். 25 மைக்றோன் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்றோன்) தடிப்புள்ள விரிப்பு ஒரு சதுர மீற்றருக்கு 23 கிராம் நிற்கும். ஒரு பரப்புக்கு 3½ கிலோ. 12 மைக்றோன் விரிப்பென்றால் அதில் பாதி, 1.7 கிலோ. கடையில் மெல்லியது மலிவு, பிளாஸ்ரிக்கும் குறைவு. சுற்றாடலுக்கும் நல்லதுதானே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் உரிக்கிற நாளை நினைத்துப் பாருங்கள். தடித்தது ஓரளவு பாயாய்ச் சுருண்டு வரும், பத்தில் ஒரு பங்கு மண்ணில் மிஞ்சினால் 350 கிராம். மெல்லியது கிழிந்து கிழிந்து வரும், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் 570 கிராம். இந்தப் பங்குகள் என் கைக்கணக்குத்தான், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் போக்கு இதுதான்: பாதி பிளாஸ்ரிக் வாங்கியவர் கூடப் பிளாஸ்ரிக்கை மண்ணில் விடுகிறார்.

சீனாவில் இதை அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். அங்கே பருத்தி, சோளத் தோட்டங்களில் பல பத்தாண்டுகளாய் விரித்த மெல்லிய பொலித்தீன் மண்ணில் சேர்ந்து, அதற்கு 'வெள்ளை மாசு' என்று பேரே வந்துவிட்டது. 2017இல் தரநிர்ணயத்தைத் திருத்தி, விரிப்பின் ஆகக் குறைந்த தடிப்பை 8 மைக்றோனிலிருந்து 10 மைக்றோனாக உயர்த்தினார்கள். 2018 மே முதல் அது நடைமுறை. சீன ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, ஹெக்டயருக்கு 240 கிலோவுக்கு மேல் துண்டுகள் சேர்ந்தால் விளைச்சல் தெளிவாய்க் குறைகிறது என்றது. பரப்புக் கணக்கில் அது 6 கிலோ. மேலே சொன்ன 570 கிராம் வீதம் போனால் 11 போகத்தில் அந்த எல்லை வந்துவிடும். 350 கிராம் வீதமென்றால் 17 போகம். துண்டுகள் வேரைத் தடுக்கும், நீர் பக்கவாட்டில் பரவுவதைக் குலைக்கும். எங்கள் செம்மண் சில இடங்களில் ஒரு முழ ஆழம் கூட இல்லை, கீழே கல். 17 போகம் என்பது ஒரு மனிதர் மண்வெட்டியைக் கையில் பிடித்திருக்கிற காலத்துக்குள் வந்துவிடும்.

அந்தக் கல்லைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இறுகின பாறை இல்லை. வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே ஊற்றினது கீழே போக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் நிலத்துக்குள் இறங்கின எண்ணெய் கிணறுகளில் மிதந்த காலத்தில் ஊரே இதைக் கற்றுக்கொண்டது. பிளாஸ்ரிக் துண்டு உடைந்து உடைந்து 5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் அதை நுண்பிளாஸ்ரிக் என்கிறார்கள். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இதே மாதிரிச் சுண்ணக்கல் நிலத்தடி நீரை எடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது: 17 மாதிரிகளில் 16இல் நுண்பிளாஸ்ரிக் இருந்தது. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் துணி நார்கள், மலக்குழி வழியாக இறங்கியவை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தோட்டத்து விரிப்பை அவர்கள் குற்றம் சாட்டவில்லை. வழி திறந்திருக்கிறது என்பதுதான் அதிலிருந்து எங்களுக்குத் தெரியவேண்டியது. வீட்டுக்கு வீடு கிணறும், அதற்கு எட்டின தூரத்திலேயே மலக்குழியும், வேலிக்கு அங்கால் தோட்டமும் உள்ள ஊர் இது.

சுண்ணக்கல் இன்னொரு வேலையும் செய்கிறது. எங்கள் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாய்ப் படியுமே, அதுவே சொட்டுநீர்க் குழாயின் துளையிலும் படிகிறது. நீர் துளியாய் நின்று காய்கிற இடமல்லவா. ஒரு போகம் முடிகிறபோது கால்வாசித் துளைகள் அடைத்துவிடும். ஒரு கன்று செழிப்பாய் நிற்கும், பக்கத்துக் கன்று வாடும். மானியத்தில் வந்த குழாயைச் சுருட்டி வேலியோரம் போட்டுவிட்டுத் திரும்பவும் வாய்க்கால் வெட்டினவர்களை நான் கண்டிருக்கிறேன். குழாய் பழுதில்லை, துளைதான் அடைப்பு. வாரத்துக்கொருமுறை குழாயின் கடைசி மூடியைக் கழற்றி நீரை வேகமாய்ப் பாயவிடுவது, வடிகட்டியைக் கழுவுவது, போகம் முடிந்ததும் செறிவு குறைந்த அமிலக் கரைசலை ஓடவிட்டுப் படிவைக் கரைப்பது, பிறகு சுருட்டி நிழலில் வைப்பது. இவ்வளவும் செய்தால் அதே குழாய் பல போகம் வரும். குழாயை இலவசமாய்க் கொடுக்கிற திட்டங்கள் இதைக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் எவ்வளவோ குழாய் குப்பையாகியிராது என்பது என் எண்ணம்.

'உக்கும் பொலித்தீன்' என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. இந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று சாதாரண பொலித்தீனிலேயே ஒரு சேர்க்கையைப் போட்டு, வெயில் பட்டதும் சீக்கிரம் உடையும்படி செய்தது. அது உக்குவதில்லை, தூளாகிறது. உரிக்கவே முடியாத அளவுக்குத் தூளாகிறது என்பதால் எங்கள் தேவைக்கு நேர் எதிரானது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த கட்டளையால் 2021 யூலை முதல் இதைச் சந்தையிலிருந்தே நீக்கிவிட்டது. மற்றது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்மையாகவே தின்று முடிக்கிற பொருள். ஐரோப்பாவில் 2018இல் வந்த ஈ.என். 17033 என்ற தரநிர்ணயம், அப்படிப்பட்ட விரிப்பு 20 முதல் 28 பாகை வெப்பத்தில் 24 மாதத்துக்குள் 90 வீதம் காபனீரொட்சைட்டாக மாறவேண்டும் என்கிறது. எங்கள் மண்ணுக்குச் சூடு குறைவில்லை. ஆனால் நுண்ணுயிருக்கு ஈரமும் வேண்டும். சித்திரை முதல் புரட்டாதி வரை இறைக்காத தறை சாம்பல் மாதிரிக் கிடக்கிறது. ஆய்வுகூடத்து 24 மாதம் இங்கே எத்தனை மாதமாகும் என்பதைத் தறையில் புதைத்துப் பார்த்துத்தான் சொல்லலாம். விலையும் சாதாரண விரிப்பைவிடக் கூட. கடைக்காரர் உக்கும் என்று சொன்னால், எந்தத் தரநிர்ணயப்படி என்று கேளுங்கள். பதிலுக்கு ஒரு இலக்கம் வராவிட்டால் வாங்காதீர்கள்.

பொலித்தீனுக்கு முன்னர் இந்த மண் வெறுமனே கிடந்ததா? இல்லை. பூவரசங்குழை வெட்டித் தாட்டார்கள், பழைய பனையோலையைத் தறையில் புதைத்தார்கள், சணல் விதைத்துப் பூக்கிற நேரம் உழுதார்கள். இதை ஒரு பழம்பெருமையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் பெரிய குடும்பமும் மலிவான கூலியும் இருந்தன. இன்றைக்கு ஓலை வெட்ட ஏறுகிற ஆளைத் தேடுவதே ஒரு வேலை. வைக்கல் நல்ல மூடுபடை, ஆனால் மாட்டுக்கும் அதுதான் சாப்பாடு. தோட்டத்தில் பரப்பினால் கறையான் வரும். இருந்தும் எல்லாப் பயிருக்கும் பொலித்தீன் வேண்டுமென்றில்லை. நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் சருகும் வெட்டின தண்டும் மரத்தடியிலேயே விழுகின்றன, அங்கே விரிப்புக்கு ஒரு தேவையுமில்லை. நெருக்கமாய் நடுகிற வெங்காயத்துக்கும் விரிப்பு பொருந்தாது. மிஞ்சுவது மிளகாய், தக்காளி, கத்தரி, பூசணி வகைகள். இவற்றுக்குத்தான் தடித்த விரிப்பு, அதுவும் கோரை இல்லாத தறைக்கு. கோரை நிற்கிற தறையில் விரித்தால் காசும் போகும், விரிப்பும் சல்லடையாகும்.

நாற்றுத் தட்டிலும் இதே நியாயம். மெல்லிய தட்டு இரண்டாம் முறை கன்று எடுக்கும்போது மூலை வெடிக்கும். தடித்த அச்சுத் தட்டைக் கழுவி வெயில் படாமல் அடுக்கினால் வருடக்கணக்கில் வரும்.

மருந்துப் போத்தலில் சட்டம் ஒன்று வந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் விவசாய இரசாயனங்களை பி.ஈ.ரி., பீ.வீ.சி. பொதிகளில் அடைப்பது தடை. சோடாப் போத்தலும் பி.ஈ.ரி.தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்; நஞ்சுப் போத்தலும் குடிபானப் போத்தலும் ஒரே மூட்டையில் ஒரே உருக்கு ஆலைக்குப் போகக்கூடாது. அதற்கு முன்னர் 2017 செப்ரெம்பர் 1 முதல் பிளாஸ்ரிக் கலந்த குப்பையை வெளியில் எரிப்பதும் தடை. இது மாலை நேரத்தில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் மூக்குக்குத் தெரிகிற அளவில்தான் நடைமுறையில் இருக்கிறது.

எரிக்கிறவர்களைத் திட்டுவதற்கு முன்னர் அவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறதென்று பார்க்கவேண்டும். "கொளுத்தாமல் வேற என்ன செய்யிறது? ஆர் எடுப்பினம்?" என்று சித்தப்பா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பழைய இரும்பு, போத்தல் வாங்க வருகிறவர் கண்ணாடியும் தகரமும் எடுப்பார். கறுப்பு விரிப்பைத் தொடமாட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது. உரித்தெடுத்த விரிப்பின் பாரத்தில் பாதிக்கு மேல் மண்ணும் ஈரமும். மீள்சுழற்சிக்கு அதைக் கழுவவேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், வெயில் தின்ற பொலித்தீனின் உரமும் குறைவு. காய்ந்த தறையில், மழைக்கு முன்னர் உரித்து, உதறி, காயவிட்டு, இறுக்கிக் கட்டினால் மட்டும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பிரதேச சபை வண்டி வந்தால்கூட வீட்டுக் குப்பையோடு சேர்ந்து அதே குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

பிரேசிலில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதைப் பற்றுச்சீட்டில் கட்டிப் போட்டது. மருந்து விற்கிற கடை, வெறும் போத்தலை எங்கே திருப்பிக் கொடுப்பதென்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதவேண்டும். கமக்காரர் ஒரு வருடத்துக்குள் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அங்கிருந்து ஏற்றிச் சென்று முடிவு கட்டுவது உற்பத்தி செய்தவரின் பொறுப்பு. 2002 முதல் அதற்கென்றே ஒரு அமைப்பு இயங்குகிறது; மருந்து நேரே நிரப்பிய பிளாஸ்ரிக் போத்தல்களில் 90 வீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. அவ்வளவு பெரிய நாட்டில் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளை ஒரு காலைக்குள் சைக்கிளில் சுற்றிவிடலாம். கமநல சேவை நிலையம் இல்லாத பகுதியில்லை. சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிற லாண்ட்மாஸ்ரர் வெறும் பெட்டியோடுதான் திரும்புகிறது. வாங்கின கடையிலேயே வருடத்துக்கு இரண்டு நாள், புரட்டாதியில் ஒன்று மாசியில் ஒன்று, திருப்பி எடுக்கிற நாள் என்று வைத்தாலே பாதி வேலை முடியும். செலவு யாருடையது என்ற கேள்வி வரும். பொருளை இறக்குமதி செய்து விற்றவருடையது என்றே நான் சொல்வேன். கமக்காரர் உரித்து, கழுவி, கட்டிக் கொண்டுவருகிற கூலியை ஏற்கெனவே போட்டுவிட்டார்.

போத்தல் கழுவுவதில் ஒரு முறை உண்டு, அதை யாரும் சரியாய்ச் சொல்லிக்கொடுப்பதில்லை. மருந்தைத் தெளிகருவியின் ராங்கிக்குள் ஊற்றிய உடனே, காயவிடாமல், போத்தலில் கால்வாசிக்கு நீர் விட்டு மூடி அரை நிமிசம் குலுக்கி, அந்த நீரையும் ராங்கிக்குள்ளேயே ஊற்றவேண்டும். இப்படி மூன்று முறை. காசு கொடுத்து வாங்கின மருந்து ஒரு துளியும் வீணாகாது, போத்தலிலும் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. பிறகு அடியில் ஆணியால் குத்தி ஓட்டை போட்டுவிட வேண்டும், ஒருவரும் மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப் போகாதபடி. கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவி வாய்க்காலில் ஊற்றுவதுதான் வழக்கம். அது நேரே அதே கிணற்றுக்குத் திரும்பி வருகிறது.

உரித்த பொலித்தீனைச் சித்தப்பா இந்தமுறை கொளுத்தவில்லை. உதறி, வெயிலில் போட்டு, மூன்று உரப்பையில் அடைத்து வாயைக் கட்டினோம். கொட்டிலில் படங்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன கிழமை போனபோது இன்னும் அங்கேதான் இருந்தன. பூனை ஒன்று நடுப்பையில் குட்டி போட்டிருந்தது.